வரிசை எண் பதினேழு

திங்கட்கிழமை காலை எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் பின்சுவரில் வரைவு வாக்காளர் பட்டியல் ஒட்டப்பட்டது. மொத்தம் முப்பத்தெட்டுப் பெயர்கள். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்றால் அதுவே இறுதிப் பட்டியல் ஆகிவிடும். ஆட்சேபம் வரும் என்று பிரதீபா எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அந்த வழியும் தெரிந்திருக்கட்டும் என்று படிவங்கள் மட்டும் நகல் எடுத்து வைத்திருந்தார்.

கோட்டுச்சேரிக்குப் போகும் சாலையோரத்தில் இருந்த அந்த அரசுப் பள்ளியில் அவர் சமூக அறிவியல் ஆசிரியை. ஒன்பது ஆண்டுகளாக வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பார்க்கிறார். வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்ப்பது, நீக்குவது, தேர்தலுக்கு முன் பூத் சிலிப் கொடுப்பது எல்லாம் அந்த வேலையில் அடங்கும். பாடப்புத்தகத்தில் மக்களாட்சிப் பாடம் வந்தபோது, அதை வாசித்து முடிப்பதைவிட நடத்திக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. தலைமையாசிரியரிடம் பேசி ஒரு அனுமதியும் வாங்கினார். பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் வகுப்புத் தலைவருக்கு இரண்டு அதிகாரங்கள் உண்மையாகவே கிடைக்கும். வகுப்பைப் பெருக்கும் முறைப் பட்டியலைப் போடுவது ஒன்று. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மைதானம் யாருக்கு என்று முடிவு செய்வது இன்னொன்று.

இரண்டு பேர் நின்றார்கள். பூவத்திலிருந்து வரும் சிவக்குமாருக்கு டிபன் பாக்ஸ் சின்னம். பூவத்துப் பிள்ளைகள் ஆறு பேர் நாலு பத்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பதால் சாயங்காலம் பெருக்க முடியவில்லை, அவர்களுக்குக் காலையில் முறை போடுவேன் என்பது அவன் வாக்குறுதி. லெத்திசியாவுக்குக் குடைச் சின்னம். மைதானம் முழுவதையும் கிரிக்கெட்டே எடுத்துக்கொள்கிறது, வாரம் விட்டு வாரம் அது பெண்பிள்ளைகளுக்கு வேண்டும் என்று அவள் கேட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்தே கேட்டு வந்ததுதான். அப்போதெல்லாம் கேட்கத்தான் முடிந்தது. ஜெயித்தால் இந்த முறை அவளே முடிவு செய்யலாம்.

செவ்வாய்க்கிழமை மாலை மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், பெயர் நீக்கக் கோரும் படிவம் ஒன்று வந்து சேர்ந்தது. கொடுத்தவள் தஹ்ஸீன். லெத்திசியாவின் பெஞ்சிலேயே உட்காருகிறவள். சிவக்குமாரின் தேர்தல் முகவரும் அவள்தான், ஏனென்றால் அவன்தான் முதலில் வந்து கேட்டான்.

படிவத்தில் ஒரே வரி எழுதியிருந்தது: "வரிசை எண் 17 இந்தியக் குடிமகள் அல்ல."

பதினேழாவது பெயர் லெத்திசியா. பிரதீபா சுவரில் இருந்த விதிகளைத் திரும்பிப் பார்த்தார். தம் கையேட்டிலிருந்து அவரே சார்ட்டில் எழுதியவை. முதல் விதி, இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். இரண்டாவது, பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அதை அடித்துவிட்டு, வகுப்பின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்று மாற்றியிருந்தார். மூன்றாவது, அந்தத் தொகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும். அது, போன மாதம் பத்து நாளாவது வகுப்புக்கு வந்திருக்க வேண்டும் என்று ஆகியிருந்தது. முதல் விதியில் பிள்ளைகளுக்காக மாற்ற எதுவும் இருப்பதாக அவருக்கு அன்று தோன்றவில்லை. அப்படியே எழுதிவிட்டார்.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் அது சாதாரண விதி இல்லை. எந்தத் தெருவிலும் இரண்டு வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும். லெத்திசியாவின் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்பா பாரிஸ் பக்கத்தில் வேலை பார்க்கிறார்.

புதன்கிழமை மூன்றாம் பீரியடில் விசாரணை நடந்தது. அம்பலவாணன்தான் தேர்தல் அதிகாரி. எதையும் நேர்க்கோட்டில் செய்கிற பையன் என்பதால் வகுப்பே அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆசிரியர் மேசை அவனுடையதானது. பிரதீபா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இந்த வாரம் நான் டீச்சர் இல்லை, பார்வையாளர் மட்டும்தான் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"வரிசை எண் பதினேழு. ஆஜரா?"

"உன் எதிர்லதான்டா நிக்கிறேன்."

"அதிகாரிய வாடா போடான்னு பேசக் கூடாது."

"சரிங்க ஐயா."

வகுப்பு சிரித்தது. அம்பலவாணன் ஸ்கேலால் மேசையைத் தட்டினான். "ஆட்சேபம் குடுத்தவங்க சொல்லுங்க."

தஹ்ஸீன் எழுந்தாள். "லெத்திசியாகிட்ட பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு. ஒண்ணாவது விதிப்படி அவ பேரு பட்டியல்ல வரக் கூடாது."

"ஆதாரம்?"

"போன லீவுல அவங்க அப்பாவப் பாத்துட்டு வந்தப்ப அவளே காட்டுனா. அரக்கு கலர்ல இருக்கும். அதுல உள்ள போட்டோவப் பாத்து ரெண்டு பேருந்தான் சிரிச்சோம். பேயி மாதிரி இருப்பா."

"பேயி மாதிரிங்கிறத எழுத வேணாம்," என்று அம்பலவாணன் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவனிடம் சொன்னான். பிறகு லெத்திசியாவைப் பார்த்தான். "மறுக்கிறீங்களா?"

"இல்ல. எங்கிட்ட இருக்குறது பிரெஞ்சு பாஸ்போர்ட்தான். ஆனா நான் பொறந்தது இங்க காரைக்கால்ல. ஒண்ணாங் கிளாஸ்லேருந்து உங்க கூடத்தான் படிக்கிறேன்."

"பொறந்த எடம் கேக்கல. குடியுரிமைதான் கேட்டேன்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பிரெஞ்சு பாஸ்போர்ட் வெச்சிருக்குறவங்களுக்குத்தான் இங்கயே தனியா பிரான்ஸ் எலக்‌ஷன் நடக்குதுல்ல. அதுல போட்டுக்கட்டும்."

"அது எங்கம்மா போடுறது. எனக்குப் பதிமூணு வயசு. அங்கயும் போட முடியாது, வெளியில இங்கயும் போட முடியாது," என்றாள் லெத்திசியா. "எனக்கு ஓட்டுன்னு ஒண்ணு இருக்குறதே இந்தக் கிளாஸ்ல மட்டுந்தான்."

அம்பலவாணன் விதிகளை இன்னொரு முறை வாசித்தான். கடைசி பெஞ்சைப் பார்த்தான். பிரதீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் எழுந்து பின்சுவருக்குப் போனான். பதினேழாம் பெயர்மீது ஸ்கேலை வைத்துச் சிவப்புப் பேனாவால் நேராக ஒரு கோடு போட்டான்.

"பட்டியல்ல பேரு இல்லாதவங்க வேட்பாளரா நிக்க முடியாது. அதனால சிவக்குமார் போட்டியில்லாமத் தேர்வாகுறாரு. நாளைக்கு அறிவிப்பு."

"அன்னபோஸ்ட்டு!" என்று ஒருவன் கத்தினான். சிவக்குமார் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியச் சாப்பாட்டின்போதும் பிரதீபா அந்த விசாரணையையே நினைத்துக்கொண்டிருந்தார். பையனின் முடிவில் தவறு சொல்ல முடியாது. அவரும் அதையேதான் செய்திருந்தார், அதே வீட்டில். லெத்திசியாவின் அம்மா மத்லேன் இந்தியக் குடிமகளாகப் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். ஆனாலும் பழைய பெயர் இங்கே பட்டியலில் தங்கியிருந்தது. போன வருடம் சரிபார்ப்புக்குப் போனபோது பிரதீபாதான் அதை நீக்கினார். மத்லேன் எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப இனிமே சிலிப் குடுக்க இந்த வீட்டுக்கு வர மாட்டீங்களா டீச்சர்?"

அன்று மாலை மணி அடித்ததும் பூவத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். பெஞ்சு வாரியாக இருவர் பெருக்குவது வழக்கம். அன்றைக்கு மூன்றாம் பெஞ்சு. தஹ்ஸீன் மூலையிலிருந்து இரண்டு விளக்குமாறுகளை எடுத்து வந்தாள். லெத்திசியா பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏய், எங்க கெளம்புற? இன்னிக்கு நம்ம முறை."

"உன் முறை. நான் இந்தக் கிளாஸ் ஆளே இல்லன்னு நீதான எழுதிக் குடுத்த."

"கிளாஸ் ஆளு இல்லன்னு எங்க எழுதுனேன்? ஓட்டு இல்லன்னுதான எழுதுனேன்."

"ஓட்டு இல்லாதவளுக்கு வெளக்குமாறு மட்டும் எதுக்கு?"

தஹ்ஸீன் கதவருகே நின்ற அம்பலவாணனைக் கூப்பிட்டாள். "அம்பலம், நீ சொல்லுடா இவகிட்ட."

அவன் யோசித்தான். "வாக்காளர் பட்டியல் வேற, பெருக்குற பட்டியல் வேற."

"ரெண்டும் எதப் பாத்து எழுதுனது? வருகைப் பதிவேட்டத்தான?" என்றாள் லெத்திசியா. "ஒண்ணுல கோடு போட்டா இன்னொண்ணுலயும் போடு."

"பெருக்குறது தேர்தல் அதிகாரி வேல இல்ல," என்று சொல்லிவிட்டு அவன் நழுவினான்.

லெத்திசியா போய்விட்டாள். தஹ்ஸீன் ஒருத்தியாகப் பெஞ்சுகளை இழுத்தாள், பெருக்கினாள், குப்பையை அள்ளினாள், கரும்பலகையைத் துடைத்தாள். வெளியே வந்தபோது அவள் வழக்கமாகப் போகும் வேன் போய்விட்டிருந்தது. வாப்பா பைக்கில் வந்து கூட்டிப் போகும்வரை வாசலில் நின்றாள்.

மறுநாள் காலை பிரதீபா வண்டியை நிறுத்தும்போது, பள்ளி கேட் அருகே மத்லேன் மகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். லெத்திசியா உள்ளே போகும்வரை காத்திருந்து அருகே வந்தார்.

"நேத்து வீட்டுக்கு வந்து பேச்சே இல்லீங்க டீச்சர். சாப்புடவும் இல்ல. எம்பேர எடுத்தப்ப எனக்குக்கூட இவ்வளவு இல்ல."

"நான் வேணும்னா ஹெச்.எம். கிட்ட சொல்லி..."

"அத மட்டும் பண்ணிராதீங்க. 'டீச்சர் சேத்துவிட்டா அது டீச்சர் குடுத்தது, அவங்களா சேக்கணும்'ங்கிறா. காலையில அது ஒண்ணுதான் பேசுனா." மத்லேன் லேசாகச் சிரித்தார். "அவங்க தாத்தாவோட புடிவாதம்."

பிரதீபா வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் தஹ்ஸீன் எழுந்து நின்றாள். கையில் ஒரு தாள்.

"டீச்சர், சிறப்புக் கூட்டம் வேணும். ஒண்ணாவது விதிய மாத்தணும்."

"நீதானம்மா அந்த விதிய வெச்சு ஆட்சேபம் குடுத்த?"

"ஆமா. அல்லாவே, ஒத்தையாப் பெருக்கிப் பாருங்க டீச்சர், அப்பத் தெரியும். இடுப்பு விட்டுப் போச்சு."

அம்பலவாணன் அந்தத் தாளை வாங்கிப் படித்தான். "விதிய மாத்த எங்களுக்கு அதிகாரம் இருக்கா டீச்சர்?"

பிரதீபா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். "அந்த விதிய நான்தான் எழுதுனேன். உங்க யாரையும் கேக்கல. கேட்டுருக்கணும்."

"அப்ப நாட்டோட விதியையும் மாத்தலாமா?" என்றான் ஒருவன்.

"நாட்டோட விதிய மாத்தணும்னா நாடு பூரா பேசணும், பார்லிமெண்ட்ல முடிவெடுக்கணும். இது ஒரு கிளாஸ் ரூமு. இங்க யாரு உள்ள ஆளுன்னு நீங்க பேசி முடிவு பண்ணுங்க. மூணுல ரெண்டு பங்கு பேரு கை தூக்கணும்."

பட்டியலில் மீதியிருந்தவர்கள் முப்பத்தேழு பேர். இருபத்தைந்து கைகள் வேண்டும். புது விதியை எழுதும் வேலையை லெத்திசியாவின் முகவர் அல்லி ஏற்றாள். பத்து நிமிடம் ஐந்தாறு தலைகள் ஒரு நோட்டின்மேல் கவிழ்ந்திருந்தன. பிறகு அல்லி எழுந்து வாசித்தாள்.

"'வகுப்பின் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவரும், வகுப்பைப் பெருக்கும் முறையில் ஒரு தடவையாவது பெருக்கியவரும் வாக்காளர் ஆவார்.'"

கைதட்டல் எழுந்தது. நேற்று மாலை நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெருக்குகிறவருக்கு ஓட்டு என்பது நியாயமாகப் பட்டது. அம்பலவாணன் மட்டும் மேசை இழுப்பறையைத் திறந்து பெருக்கும் முறை நோட்டை எடுத்தான். ஜூன் மாதத்திலிருந்து புரட்டினான்.

"இந்த விதி வந்தா ஆறு பேரு பட்டியல்ல வர மாட்டாங்க. பூவத்துலேருந்து வர்றவங்க. ஒரு டிக்கும் இல்ல."

சிவக்குமார் எழுந்துவிட்டான். "பஸ் நாலு பத்துடா! அத விட்டா அஞ்சே கால். வேணும்னேவா பெருக்காம இருக்கோம்?"

"காரணம் கேக்கல. ஒரு தடவையாவது பெருக்குனீங்களா இல்லையா?"

"பெருக்கல. அதச் சரி பண்ணத்தான நானே நிக்கிறேன்."

"இந்த விதி வந்தா நிக்க முடியாது."

சிவக்குமார் சுற்றிலும் பார்த்தான். பூவத்துப் பிள்ளைகளில் ஒருத்தி, மிகவும் சிறியவளாகத் தெரிபவள், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அல்லி லெத்திசியாவின் பக்கம் சாய்ந்தாள். அவள் சொன்னது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"வாயத் தொறக்காத. உன்னயச் சேத்ததும் நீதான் அன்னபோஸ்ட்டு. கிரவுண்டு நமக்கு."

லெத்திசியா வாயைத் திறக்கவில்லை. அம்பலவாணன் முன்மொழிவைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினான். 'பதிவேட்டில் பெயர் உள்ளவரும்' என்பதுவரை எழுதினான். அவள் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்புக் கோடு பெயரை முழுதாக மறைக்கவில்லை. கோட்டுக்கு மேலும் கீழும் எழுத்துகள் தெரிந்தன. 'பெருக்கும் முறையில்' என்று அவன் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் கை தூக்கினாள்.

"பட்டியல்ல இல்லாதவங்க பேச முடியாது," என்றான் அம்பலவாணன்.

"பேச விடுடா," என்றான் சிவக்குமார்.

அவள் எழுந்தாள். "ரெண்டாவது பாதி வேணாம். பதிவேட்டுல பேரு இருந்தாப் போதும்."

"ஏன்டி, உனக்கென்ன கிறுக்கா?" என்று அல்லி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆறு பேர எடுத்துட்டு என்னயச் சேக்குறீங்களா? நேத்து அங்க கோடு போட்டப்ப நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அது நல்லா இல்ல." பிறகு சிவக்குமாரைக் காட்டினாள். "அதோட, இவன் இல்லாம நான் ஜெயிச்சா வருஷம் பூரா சொல்லிக் காட்டுவான். நின்னு தோக்கட்டும்."

"யாரு தோக்குறது?" என்றான் சிவக்குமார். வகுப்பு சிரித்து அடங்கியது.

தஹ்ஸீன் விடவில்லை. "அப்ப பெருக்காதவங்கள என்ன பண்றது?"

"அது தலைவர் வந்து பட்டியல் போடட்டும். அதுக்குத்தான எலக்‌ஷனே. நீ பயப்படாத, நான் வந்து பெருக்குறேன்."

அம்பலவாணன் கரும்பலகையில் பாதியை அழித்தான். கைகளை இரண்டு தடவை எண்ணினான். முப்பத்தொன்று. பட்டியலில் சிவப்புக் கோட்டை அவன் அழிக்கவில்லை, அழிக்கக் கூடாது என்றான். பட்டியலின் அடியில், 'வரிசை எண் 17 மீண்டும் சேர்க்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டான். வேட்புமனு மறுபடி ஏற்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. ஒரு பிஸ்கட் டின்னில் துளை போட்டுப் பெட்டி செய்திருந்தார்கள். ஸ்டாம்ப் பேடில் பேனா மூடியைத் தொட்டுச் சின்னத்துக்கு எதிரே வைத்தால் ஒரு வட்டம் விழும். விரலில் வைக்க மார்க்கர். அம்பலவாணன் தன் ஓட்டை முன்கூட்டியே உறையில் போட்டு, தபால் வாக்கு என்று எழுதி ஒட்டிவிட்டான்.

லெத்திசியாவின் முறை வந்தது. பெயரை வாசித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், மை வைத்தார்கள். துளைக்குள் தாளைப் போட்டதும் அவள், "அ வொத்தே!" என்றாள்.

"என்னது?"

"எங்கம்மா ஓட்டுப் போடுற எடத்துல, கவர் பெட்டிக்குள்ள விழுந்ததும் அங்க இருக்குறவரு சத்தமாச் சொல்லுவாரு. இவங்க ஓட்டுப் போட்டாச்சுன்னு."

அம்பலவாணனுக்கு அது பிடித்துவிட்டது. அடுத்து வந்த ஒவ்வொருவருக்கும் அவனே கத்தினான். பிறகு வரிசையே சேர்ந்து கத்தத் தொடங்கியதும் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எண்ணிக்கை கடைசி பீரியடில். அன்று மைதானத்துக்கு யாரும் போகவில்லை. ஒவ்வொரு தாளையும் விரித்து இரண்டு முகவர்களுக்கும் காட்டினான் அம்பலவாணன். டிபன் பாக்ஸ் பத்தொன்பது. குடை பதினெட்டு. ஒரு தாளில் வட்டம் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருந்த கோட்டின்மேல் விழுந்திருந்தது. அதைத் தனியே வைத்தான்.

"செல்லாத வாக்கு ஒண்ணு. சிவக்குமார் ஒரு ஓட்டு வித்தியாசத்துல..."

பூவத்துப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். நாலு மணி அடித்தது. லெத்திசியா மேசைக்கு வந்து அந்தத் தாளைக் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"வட்டத்துல முக்காவாசி குடை பக்கந்தான இருக்கு?"

"கோட்டு மேல இருக்கு," என்றாள் தஹ்ஸீன் உடனே.

"கோட்டு மேல கொஞ்சந்தான். மறுபடி எண்ணணும். இதயும் பாக்கணும்."

அம்பலவாணன் டீச்சரின் தேர்தல் கையேட்டைப் புரட்டினான். பக்கத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "மறு எண்ணிக்கை கேக்கலாம். வேட்பாளர் எழுத்துல குடுக்கணும்."

"பஸ் போயிரும்டா," என்று வாசலிலிருந்து ஒருவன் சிவக்குமாரை அழைத்தான்.

சிவக்குமார் சாலையைப் பார்த்தான். பிறகு பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். "நீங்க போங்க. நான் அஞ்சே கால்ல வர்றேன். எண்ணட்டும்." மூலைக்குப் போய் விளக்குமாறை எடுத்தான். "சும்மாதான இருக்கேன்."

பிரதீபா கடைசி பெஞ்சை விட்டு எழவில்லை. லெத்திசியா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மை வைத்த விரலோடு பேனாவைப் பிடித்து, மேசை ஓரத்தில் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

அனுப்புநர்: லெத்திசியா, வாக்காளர், வரிசை எண் 17.